‘வாயார’ – ஒரு சொல்லும் அதன் வரலாறும்

குடமுழுக்கு நாளன்று அன்னதானப் பந்தியில் அமர்ந்து உண்டு எழுந்த முதியவர் ஒருவர், பரிமாறியவர்களை நோக்கி, “வயிறார உண்டேன், வாயார வாழ்த்துகிறேன்” என்று சொல்லிச் செல்வதை நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். கேட்டு மகிழ்ந்ததன்றி, அவர் சொன்ன அச்சொல்லின் ஆழத்தை நாம் நின்று நோக்கியதில்லை. நாள்தோறும் புழங்கும் நாணயத்தின் முத்திரையை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. அன்றாடச் சொல்லின் நிலையும் அத்தகையதே. ஆயினும் ‘வாயார’ என்னும் இச்சிறு சொல்லினுள் தமிழகத்துப் பத்தி நெறியின் வரலாறு முழுதும் சுருங்கி அடங்கிக் கிடக்கின்றது என்று கூறின் அது மிகையாகாது. திருப்பணி நிறைவெய்திய இந்நன்னாளில் அதனைச் சிறிது விரித்துக் காண்பது அன்பர்களுக்குப் பயன் தருவதாகும்.

சொல்லின் அமைதி

‘ஆர்தல்’ என்பது பழந்தமிழ் வினை. நிறைதல், உண்ணுதல், பருகுதல், துய்த்தல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. இவை வெவ்வேறாகத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. உண்பதன் பயன் நிறைவு. நிறைவின் வழி உண்பது. இவ்வினையினின்று பிறந்த ‘ஆர’ என்னும் எச்சம் உறுப்புப் பெயர்களோடு கூடி அழகிய சொற்குடும்பம் ஒன்றை ஆக்கியிருக்கின்றது. கண்ணாரக் காண்கின்றோம், காதாரக் கேட்கின்றோம், கையாரக் கொடுக்கின்றோம், காலார நடக்கின்றோம், வயிறார உண்கின்றோம், மனமார மகிழ்கின்றோம், வாயார வாழ்த்துகின்றோம். தொழிலைச் செய்து முடித்தலோடு அமையாது, அத்தொழிலுக்கு உரிய உறுப்பு தன் முழு அளவும் நிறைவு பெறுதலை இச்சொற்கள் குறிக்கின்றன.

இவ்விடத்தில் எழுத்துப் பிழை ஒன்றையும் சுட்டுதல் தகும். அழைப்பிதழ்களிலும் வாழ்த்து மடல்களிலும் ‘மனமாற’, ‘வாயாற’ என வல்லின றகரமிட்டு அச்சிட்டிருத்தலைக் காண்கின்றோம். ‘ஆறுதல்’ என்பது தணிதல். பசி ஆறும், வயிறு ஆரும். பசியாற உண்டவன் பசி தணிந்தான். வயிறார உண்டவன் வயிறு நிறைந்தான். ‘மனமாற வாழ்த்துகிறோம்’ என்று எழுதினாலோ மனம் வேறுபட்டு வாழ்த்துவதாகப் பொருள் திரியும்! ஓர் எழுத்தின் பிழை வாழ்த்தையே புரட்டிவிடுகின்றது.

வேறொரு வேறுபாடும் உணரத்தக்கது. ஆர்தல் வேறு, ஆர்த்தல் வேறு. ஆர்த்தல் என்பது பேரொலி செய்தல். அதன் எச்சம் ‘ஆர்க்க’ என வரும். ‘ஆர’ என வாராது. எனவே வாயாரப் பாடுதல் என்பது உரக்கக் கூவுதல் அன்று. மெல்லெனப் பாடினும் வாயாரப் பாடலாம். கூவிப் பாடினும் வாய் ஆராது போகலாம். ஒலியின் மிகுதி காதுக்குத் தெரியும். வாயின் நிறைவு பாடுவோனுக்கும் பாடப்பெறுவோனுக்குமே தெரியும்.

இதற்கு நேர்மாறான சொல் ஒன்றும் தமிழில் உண்டு. அதுதான் ‘வாயளவில்’ என்பது. ‘உதட்டளவில்’ என்றும் கூறுவர். வாய் ஒன்றே, ஆனால் வாயளவில் உபசரிப்பவன் வேறு, வாயார உபசரிப்பவன் வேறு. முன்னவன் சொல் வாயிலே தோன்றி வாயிலே முடிகின்றது. பின்னவன் சொல் உள்ளத்தில் ஊறி, மேலெழுந்து, வாயை நிறைத்துப் புறம் போதருகின்றது. ஊற்றுக்கண் உள்ள கிணறும் மழைநீர் தேங்கிய பள்ளமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், கோடையில் அவற்றின் வேறுபாடு புலப்படும்.

எச்சத்தின் முப்பொருள்

‘ஆர’ என்பதைச் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பர் இலக்கண நூலார். இவ்வெச்சத்திற்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. இது தன் வினைமுதலையும் கொள்ளும்; பிற வினைமுதலையும் கொள்ளும். ‘நாம் வாயாரப் பாடினோம்’ என்னும் தொடரில் பாடுவோர் நாம்; ஆர்வதோ வாய். பாடுதல் நம் செயல். நிறைதல் நம் செயலன்று. நாம் பாடுகின்றோம், நிறைவு தானே வந்து எய்துகின்றது. முயற்சி அடியவனுடையது, நிறைவு அருளினுடையது என்னும் சமய உண்மை இவ்விலக்கண நுட்பத்தில் எத்துணை எளிதாக அமைந்துவிட்டது!

மேலும் இவ்வெச்சம் மூவகைப் பொருளில் வரும். ‘மழை பெய்யப் பயிர் தழைத்தது’ என்புழிக் காரணப் பொருள். ‘பயிர் தழைக்க மழை பெய்தது’ என்புழிக் காரியப் பொருள். ‘பொழுது சாய வீடு வந்தான்’ என்புழி உடனிகழ்ச்சிப் பொருள். அங்ஙனமாயின், வாயாரப் பாடுதல் என்பதில் அமைந்த பொருள் யாது? வாய் நிறைந்தமையால் பாட்டு எழுந்ததோ? வாய் நிறைதற் பொருட்டுப் பாடுகின்றோமோ? பாட்டும் நிறைவும் ஒருங்கே நிகழ்கின்றனவோ? மூன்றும் பொருந்தும் என்பதே எம் கருத்து. அதற்கு வரலாறே சான்று.

நிறைந்த வாய் பாடிற்று

முதற்கண் காரணப் பொருளைக் காண்போம். சீகாழிப் பதியில் மூன்றாண்டுப் பிள்ளையார் திருக்குளக் கரையில் நின்று அழுதார். நீராடச் சென்ற தந்தையார் நீரினுள் மூழ்கியிருந்தார். உமையம்மையார் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் கறந்து ஊட்டியருளினார். கரையேறிய தந்தையார், பிள்ளையின் கடைவாயில் பால் வழிதலைக் கண்டு, யார் தந்த பாலை உண்டாய் என்று கோல் ஓங்கி வினவ, பிள்ளையார் விண்ணைச் சுட்டிக் காட்டித் தம் முதற் பதிகத்தைப் பாடினார் என்பது வரலாறு. ஆர்தல் என்னும் சொல்லின் இரு பொருளும் அங்கே ஒருங்கே அமைந்தமை காண்க. அந்த வாய் பாலை ஆர்ந்தது; ஆர்ந்தமையால் பாட்டாயிற்று. வழிந்தது பால் மட்டுமன்று; தமிழும் வழிந்தது.

திருநாவுக்கரசரின் வாயோ முதலில் வேறு சமயத்தின் வாயாக இருந்தது. தருமசேனர் என்னும் பெயரோடு சமண சமயத்தில் விளங்கிய அவர், சூலை நோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்தில் நின்று பாடினார். நோய் நீங்கிற்று, ‘நாவுக்கரசு’ என்னும் பெயர் திருவருளால் வழங்கப்பெற்றது. அரசு என்னும் பெயர் அவர் தோளுக்கோ முடிக்கோ வாய்க்கவில்லை, நாவுக்கு வாய்த்தது. அவர் அருளிய திருவங்கமாலையில் தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை முதலாய உறுப்புக்களை ஒவ்வொன்றாக விளித்து அதனதன் தொண்டில் ஏவுகின்றார். உறுப்புக்கள் ஆர்தற்கு வழி அவற்றைப் படைத்தவன்பால் திருப்புதலே என்பது அப்பதிகத்தின் கருத்தாகும்.

சுந்தரர் வரலாறு இன்னும் வியப்புடையது. திருமணப் பந்தரில் வந்து வழக்கிட்ட முதியவரை அவர் ‘பித்தன்’ என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூரில் வழக்குத் தோற்று, வந்தவர் இறைவனே என உணர்ந்து, எங்ஙனம் பாடுவேன் என்று திகைத்து நின்றபோது, என்னைப் பித்தன் என்றாய் அல்லையோ, அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்று இறைவன் பணித்தருளினான். வாயார ஏசுதலும் உலகில் உண்டு. ஆனால் ஏசிய சொல்லே ஏத்தும் சொல்லாயிற்று. வாயில் எச்சொல் இருந்தது என்பதை இறைவன் பொருளாகக் கொள்ளவில்லை. அது யாரை நோக்கித் திரும்பிற்று என்பதையே பொருளாகக் கொண்டான்.

மூவர் வரலாற்றையும் விரித்துரைத்த சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டினர். அவருக்கு முன்னரே இவ்வாய்மொழிகள் மக்கள் வாய்தோறும் வாழ்ந்தன. நூல்களுக்கு அமைந்த பெயர்களை நோக்குமின்! மணிவாசகர் அருளியது திருவாசகம். நம்மாழ்வார் அருளியது திருவாய்மொழி. இரண்டும் வாயினின்று பிறந்தமையையே பெயராகக் கொண்டன. தில்லையில் மணிவாசகர் சொல்லச் சொல்ல இறைவனே ஏட்டில் எழுதினான் என்பது மரபு. அடியவன் வாய் சொல்ல, ஆண்டவன் கை எழுதிற்று. கைக்கு முன் வாய், ஏட்டுக்கு முன் ஓசை என்பதே நம் சமயத்தின் முறைமை.

‘வாயார’ என்னும் சொல் தானும் திருவெம்பாவையில் பயின்றுள்ளது. இருபது பாடல்களை உடைய அப்பனுவலின் பதினைந்தாம் பாட்டில், இறைவன் பெயரை ஒருகால் சொல்லத் தொடங்கியவள், பின் வாய் ஓயாமல் அவன் சீரையே பேசி, உள்ளம் களித்து, கண்ணீர் பெருக்கி, உலகை மறந்து நிற்கும் நிலை கூறப்படுகின்றது. அவ்வாறு ஆட்கொள்ளும் வித்தகன் தாளை வாயாரப் பாடி நீராட வருக என்று தோழியர் ஒருவரை ஒருவர் அழைக்கின்றனர். ஒருத்தியின் வாய் நிறைந்தது. அது கண்டு பலர் வாயும் நிறைய வேண்டும் என்பது அழைப்பு. தனி ஒருத்தியின் அன்பு கூட்டு வழிபாடாக மாறும் இடம் அதுவேயாகும்.

வாய் நிறையப் பாடுவித்தவர்கள்

இனிக் காரியப் பொருளைக் காண்போம். திருப்பதிகங்கள் கோயில்களில் நாளும் ஒலித்தற்கு வேண்டுவனவற்றைச் செய்து வைத்தவர்கள் யாவர்? வேலூரை அடுத்த திருவல்லத்துக் கல்வெட்டு, பல்லவ மன்னன் நந்திவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டிலேயே, திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகின்றது. அதன்பின் சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இவ்வறம் பல்கிற்று. எண்ணாயிரத்துக் கல்வெட்டில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், திருவாய்மொழி ஓதுவார்க்கு நெல் அளந்த செய்தி காணப்படுகின்றது. சைவம், வைணவம் என்னும் வேறுபாடு இன்றி, பாடும் வாய்க்குப் படியளந்த பெருமை தமிழ் மன்னர்க்கும் ஊரார்க்கும் உரியது.

இவ்வறங்களுள் தலைசிறந்தது தஞ்சைப் பெருங்கோயிலில் அமைந்தது. கி.பி. 985 முதல் 1014 வரை ஆட்சி புரிந்த முதலாம் இராசராசன், 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலில், திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்கு 48 பிடாரர்களை அமர்த்தினான். உடுக்கை வாசிக்க ஒருவரும் கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவருமாக இருவரை அவர்களோடு சேர்த்தான். ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் நகரத்துப் பண்டாரத்தினின்று அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டுவித்தான். ஒரு குறுணிக்கு எட்டு நாழி. ஆகவே ஒருவர்க்கு நாளொன்றுக்கு 24 நாழி. ஐம்பதின்மர்க்கும் கூட்டினால் நாள்தோறும் 150 குறுணி, அஃதாவது பன்னிரண்டரைக் கலம் நெல்.

அரசன் அத்தோடு அமையவில்லை. பாடுவாருள் ஒருவர் இறந்தாலும் நீங்கினாலும் என் செய்வது என்பதனையும் எண்ணினான். அவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுக. அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரைக் கொண்டு பாடுவிக்க. உறவினரே இல்லையாயின் எஞ்சியோர் தகுதியுடையாரைத் தேர்ந்து அமர்த்துக என்று வகுத்தான். உறவுக்கு உரிமை உண்டு. ஆனால் தகுதியின்றிப் பாடுதல் கூடாது. ஒரு நாளேனும் ஒரு குரலேனும் குறைதலாகாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசன் தன் கோயிலின் பாட்டுக்குச் செய்த ஏற்பாடு இது.

‘விண்ணப்பம் செய்தல்’ என்று கல்வெட்டு வழங்கும் சொல்லும் கருதத்தக்கது. அரசவையில் குறையிரப்போர் விண்ணப்பம் செய்வர். அரசனே விண்ணப்பம் செய்ய ஆள் அமர்த்தினான் எனின், அவன் தன்னையும் ஓர் அரசனுக்கு உட்பட்ட குடியாகவே எண்ணினான் என்பது பெறப்படும்.

பந்தியில் முதியவர் சொன்ன சொல்லை இங்கு மீண்டும் நினைக. வயிறார என்பது முன்னும், வாயார என்பது பின்னும் வந்தது. அம்முறையே மன்னன் கொண்ட முறையுமாகும். பாடுவோன் வயிறு வாட, வாய் மட்டும் நிறைதல் இயலாது. ஆதலின் நெல்லை முதலில் அளந்தான். பாட்டைப் பின்னர்க் கேட்டான்.

ஓலை மாய்ந்தது, ஓசை நின்றது

திருமுறை கண்ட வரலாறு அன்பர் அறியாததன்று. ஆயினும் நம் பொருளோடு இயைந்த பகுதியை மட்டும் நினைவுகூர்வோம். மூவர் பாடல்களையும் முழுதும் தேடித் தொகுக்க விழைந்த சோழ மன்னன், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகளை அடைந்தான். பொல்லாப் பிள்ளையார் அருளால், அவை தில்லைத் திருக்கோயிலில் காப்பிடப்பட்ட அறையுள் இருத்தல் தெரிய வந்தது. பாடிய மூவரும் வந்தாலன்றி அறையைத் திறத்தல் இயலாது என்று தில்லைவாழ் அந்தணர் கூற, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறை திறக்கப்பெற்றது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கிப் பார்க்கையில், பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சியனவே இன்று நாம் ஓதும் ஏறத்தாழ 800 தேவாரப் பதிகங்கள் என்பது மரபு.

ஏடு கிடைத்தது; பண் கிடைக்கவில்லை. ஓலையில் சொல்லை எழுதலாம். ஓசையை எழுதுதல் எங்ஙனம்? மன்னனும் நம்பிகளும் திருஎருக்கத்தம்புலியூர் சென்றனர். அது திருஞானசம்பந்தரோடு உடன் சென்று யாழ் இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் தோன்றிய ஊர். அவர் மரபில் வந்த பெண் ஒருத்தியின் வாயில் அப்பண்கள் அழியாது வாழ்ந்திருந்தன. அவளைக் கொண்டே பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பெற்றது. பூட்டிக் காத்த ஏட்டைச் செல் அரித்தது; பூட்டாத வாயில் பண் பிழைத்தது. பெரும்பதியின் காப்பறை காக்க மாட்டாததை ஒரு சிற்றூர்ப் பெண்ணின் நா காத்தது. இதனினும் பெரிய வரலாற்றுப் பாடம் நமக்கு வேண்டுமோ?

கல்லும் சில வேளை கைகொடுத்தது என்பதை மறுத்தற்கில்லை. திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க் கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்டிருந்த சம்பந்தர் பதிகம் ஒன்று, ஏடுகளில் காணப்பெறாதது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. எனினும் கல் சொல்லைக் காத்தது. அதனை மீண்டும் உயிர்ப்பிக்க ஒரு வாய் வேண்டியிருந்தது.

வாய் எத்துணைக் காலம், எத்துணைத் தூரம் காக்கும் என்பதற்குக் கடல் கடந்த சான்றும் உண்டு. சயாம் எனப்பட்ட தாய்லாந்து நாட்டில், பாங்காக் நகரின் அரச குலப் புரோகிதர்களான அந்தணர்கள், ‘திரியெம்பாவை’ என்னும் விழாவில் திருவெம்பாவைப் பாடல்களை மந்திரம் போல் ஓதி வருகின்றனர். அவ்விழாவின் பகுதியாக இருந்த பேரூஞ்சல் ஆடுதல் 1935-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது; ஓதுதல் நிற்கவில்லை. மொழி மறந்தது, பொருளும் மறைந்தது, ஒலியும் திரிந்தது. ஆயினும் வாய் அப்பாட்டை விடவில்லை. வாயாரப் பாட வருக என்று மணிவாசகர் பாடிய பனுவல், தமிழ் அறியாத வாயிலும் இடம் பெற்றதை எண்ணின் உள்ளம் உருகுகின்றது.

ஆர என்பதும் ஆரா என்பதும்

மூன்றாவது உடனிகழ்ச்சிப் பொருள். இதனை விளக்கும் வரலாறு வைணவ மரபில் உள்ளது. காட்டுமன்னார்கோயில் எனப்படும் வீரநாராயணபுரத்தில் வாழ்ந்த நாதமுனிகள், திருக்கோயிலுக்கு வந்த யாத்திரிகர் சிலர் திருக்குடந்தைப் பெருமான்மீது பத்துப் பாடல்களைப் பாடக் கேட்டு உருகினார். ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் பதிகம் அது. அதன் இறுதிப் பாட்டு, இப்பத்தும் ஆயிரத்துள் அமைந்தவை என்று குறித்தது. எஞ்சியவை எங்கே என்று வினவினார். வந்தவர்க்கோ அப்பத்தே தெரியும். நாதமுனிகள் குடந்தை சென்றும், பின் திருக்குருகூர் சென்றும் தேடி, மதுரகவிகளின் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என்னும் பதிகத்தைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை வரலாறு. பின்னர்த் தம் மருமக்கள் இருவர்க்கும் அவற்றை இசையோடு பயிற்றினார்.

வழிப்போக்கர் சிலர் வாயாரப் பாடிய பத்துப் பாடல்கள் நாலாயிரத்துக்கும் வழி திறந்தன. அவர்கள் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்கள் புலவரும் அல்லர். தாம் கற்ற பத்தை வாய் நிறையப் பாடியவர்கள், அவ்வளவே. அவர்கள் அன்று வாய் மூடிச் சேவித்துச் சென்றிருப்பின் நம் நிலை யாதாகியிருக்கும்?

இதனினும் இனிய நுட்பம் ஒன்று உண்டு. ‘ஆரா அமுது’ என்பதில் உள்ள ‘ஆரா’ என்பது யாது? நாம் எடுத்துக்கொண்ட ‘ஆர’ என்பதன் எதிர்மறைக் குடும்பமே அது. ஆர் என்னும் அடி இரண்டுக்கும் ஒன்று. எத்துணை உண்டாலும் தெவிட்டாத, ‘போதும்’ என்னும் நிறைவைத் தாராத அமுதம் ஆராவமுதம். குடந்தைப் பெருமானுக்கு அதுவே திருப்பெயரும் ஆயிற்று. இஃது என்ன விந்தை! அடியவனோ வாய் ஆர வேண்டும் என்கின்றான்; ஆண்டவனோ ஆராதவனாக இருக்கின்றான். வாய் நிறைகின்றது, அமுது தீர்கின்றதில்லை. நிறைந்த அளவிலேயே மேலும் வேண்டும் என்னும் ஆர்வம் பிறக்கின்றது. பாட்டும் நிறைவும் வேட்கையும் ஒருங்கே நிகழ்கின்றன. நேற்றுப் பாடிய பதிகத்தை இன்றும் பாடுவது ஏன் என்று வினவுவார்க்கு இதுவே விடை. வயிறு ஆர்ந்தால் இலையை மூடிவிடுகின்றோம். வாய் ஆர்ந்தால் மூட மனம் வருவதில்லை.

மோனம் பெரிதன்றோ எனின்

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பேசாதிருத்தலே பெருநிலை என்று ஞானியர் கூறினரன்றோ? கல்லாலின் கீழ் அமர்ந்த குருமூர்த்தி சொல்லாமற் சொன்னவரன்றோ? ஆயின் வாயாரப் பாடுதல் கீழ்ப்படியோ?

மோனம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மோனத்தைப் போற்றிய தாயுமானவர் அதனைப் பாடியே போற்றினார். சும்மா இருத்தலை உபதேசமாகப் பெற்ற அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிக் குவித்தார். நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. தளும்பாமைக்கு முன் நிறைதல் வேண்டும். வெறுங்குடமும் ஓசையின்றி இருக்கும்; அதனை நிறைகுடம் என்பார் உளரோ? வாய் ஆர்ந்தபின் வருவது மோனம். வாய் திறவாமை மட்டும் மோனமாகாது.

நாம் செய்யத்தக்கது

இனி நம் காலத்தை நோக்குவோம். திருக்கோயில்களில் ஓசைக்குக் குறைவில்லை. விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி பதிவிசையைப் பொழிகின்றது. பாடியவர் குரல் இனிது. பாட்டும் தெய்வப் பாட்டே. ஆயினும் அங்கே தெரு நிறைகின்றது, செவி நிறைகின்றது, நம் வாய் நிறைகின்றதா? சன்னிதியில் ஓதுவார் ஒருவர் தனித்து நின்று பதிகம் விண்ணப்பிக்கின்றார். சூழ நிற்போருள் சிலர் தீபாராதனை எப்பொழுது என்று எட்டிப் பார்க்கின்றனர். சிலர் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். கண்ணாரக் காண வந்தவர் கருவியாற் கண்டு மீள்கின்றனர். வாயாரப் பாட வேண்டியவர் வாய் வாளாதிருக்கின்றனர். ஓதுவார் இல்லாத கோயில்களும் பல. இதனைக் குறை கூறுதற்காக எழுதினோம் அல்லேம். அக்குறையில் எமக்கும் பங்கு உண்டு. திருப்பதிகத்தைச் செவியால் மட்டும் நுகர்ந்து பல்லாண்டு கழித்தவருள் யாமும் ஒருவேம்.

திருப்பணிச் செல்வர்களே! கோபுரத்திற்கு வண்ணம் தீட்டினீர்கள். விமானத்திற்குக் கலசம் ஏற்றினீர்கள். பழுதுற்ற கல்லை மாற்றினீர்கள். இவையெல்லாம் பேரறம். ஆயினும் இராசராசன் கல் வேலை முடிந்தபின் அதே கல்லில் நெற்கணக்கு எழுதுவித்ததை மறவாதீர்கள். 216 அடி உயர்ந்த விமானத்தை எடுத்தவன், அதன் அடியில் நின்று பாடுவோரின் முக்குறுணி நெல்லையும் எண்ணினான். கோயிலுக்கு உடம்பு கல்; உயிர் பாட்டு. ஓதுவார் ஒருவரின் குடும்பம் கவலையின்றி வாழ ஒரு கட்டளை வைப்பதும், ஊர்ச் சிறார்க்குப் பண்ணோடு பதிகம் பயிற்ற ஒரு திண்ணை அமைப்பதும் குடமுழுக்கின் எஞ்சிய திருப்பணிகளாகும்.

அன்பர் ஒவ்வொருவர்க்கும் பொருள் செலவில்லாத பணி ஒன்றும் உண்டு. குடமுழுக்கிற்குப் பின் மண்டலாபிஷேகம் 48 நாள் நிகழும். தஞ்சையில் பாடியோர் 48 பேர் என்பதை முன்னர்க் கண்டோம். எண் ஒத்தது தற்செயலே எனினும், அதனை நல்ல நிமித்தமாகக் கொள்ளலாம். அந்த 48 நாளும், நாளுக்கு ஒரு பதிகமேனும், அன்பர் அனைவரும் ஓதுவாரோடு சேர்ந்து பாடுவதென உறுதி கொள்வோம். குரல் இனிமை வேண்டா. பண் அறிவும் உடனே வேண்டா. அது பழகப் பழக வரும். முதல் நாள் வாயளவில் வரும் சொல், நாற்பத்தெட்டாம் நாள் வாயார வரும். எந்த வழிப்போக்கன் வாயிலிருந்து எந்த நாதமுனிகள் கேட்கப் போகின்றார் என்பதை யாம் அறியோம்.

வேள்விச் சாலையில் வைத்த கும்பங்கள் நீரால் நிறைக்கப்பட்டன. மந்திரத்தாலும் தமிழாலும் நிறைக்கப்பட்டன. நிறைந்த பின்னரே அவை விமானத்திற்கு ஏறின, நிறைந்தமையால்தான் சொரிந்தன. நம் வாயும் அத்தகையதொரு கும்பம். அது நிறைக, நிறைந்து சொரிக, சொரிந்தும் குறையாதிருக்க. இத்திருக்கோயில் எழும்பத் தோள் கொடுத்தோரையும், பொருள் கொடுத்தோரையும், கல் சுமந்தோரையும், சோறு சமைத்தோரையும் இறைவன் திருமுன் நின்று வாயார வாழ்த்துகின்றோம்.

திருவருள் முன்னிற்க. திருச்சிற்றம்பலம்.